முன் ஒப்புதல் யார் பொறுப்பு? மருத்துவக் காப்பீட்டில் மருத்துவமனையும் நோயாளியும்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் காப்பீட்டின்கீழ்க் கையிலிருந்து பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறுவதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டிப் பெறவேண்டிய இசைவு ‘முன் ஒப்புதல்’ எனப்படுகிறது. இதனைக் கோருவது, இது வரும்வரை காத்திருப்பது, இது மறுக்கப்பட்டால் செலவை ஏற்பது என மூன்று பொறுப்புகள் இதில் அடங்கியுள்ளன. 1986 முதல் இம்மூன்றும் மருத்துவமனை, நோயாளி, காப்பீட்டு நிறுவனம் ஆகியோரிடையே எவ்வாறு கைமாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதற்பொறுப்பு பெரிதும் மருத்துவமனையிடமும், இரண்டாவது அண்மைக்காலத்தில் ஓரளவு காப்பீட்டு நிறுவனத்திடமும் சென்றுள்ளன. மூன்றாவது, தனியார் பாலிசிகளில் நோயாளியிடமே தங்கியுள்ளது. அரசுத் திட்டங்கள் அதனை நோயாளியிடமிருந்து விலக்கினாலும், அட்டை பெறுதல் என்னும் புதிய முன்பொறுப்பை உருவாக்கியுள்ளன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மருத்துவக் காப்பீடு, முன் ஒப்புதல், ரொக்கமில்லாச் சிகிச்சை, மூன்றாம் தரப்பு நிர்வாகி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தென்காசி.

முன்னுரை

உடல்நலம் தேடி வருவோரின் ஊராகக் குற்றாலம் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் ஆங்கில அதிகாரிகள் சாரல் பருவத்தில் இங்கு வந்து தங்கினர். கம்பெனிப் பணியில் உடல்நலத்திற்கான நீண்ட விடுப்பு மருத்துவரின் சான்றின்பேரிலேயே வழங்கப்பட்டது. உடல்நலத்திற்காகும் செலவையும் காலத்தையும் ஏற்பவர் அதற்குமுன் ஒரு சான்று கேட்பது, ஆகவே, புதிய வழக்கமன்று. சான்றைத் தேடி அலைய வேண்டியவர் யார் என்பதே காலந்தோறும் மாறி வந்துள்ளது.

இன்று அக்கேள்வி இவ்வட்டாரத்தில் வேறு மக்களைச் சார்ந்து எழுகிறது. தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. சுற்றிக் கொடுக்கும் எண்ணிக்கைக்கே கூலி கிடைக்கும் இத்தொழிலில், மருத்துவமனையில் ஒருநாள் காத்திருந்தால் ஒருநாள் கூலி இல்லை. துணைக்கு வந்தவரின் கூலியும் அதனுடன் போகிறது. மேலும், 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி இதுவரை அமையவில்லை. உயர்சிகிச்சை வேண்டுவோர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியுள்ளது. தாமதத்தின் விலை உயர்ந்த இத்தகைய வட்டாரத்தில், தாமதத்திற்குப் பொறுப்பாளர் யார் என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வியாகிறது.

இக்கட்டுரை விதிமுறைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், காப்பீட்டுப் படிவங்கள் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்கிறது. படிவம் என்பது நிரப்பிக் கொடுத்ததும் மறக்கப்படும் தாள் எனக் கருதப்படினும், பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டது என்பதற்கு அதனினும் நேரடியான சான்று அரிது.

செலவு மீளளிப்புக் காலம் (1986–2001)

விடுதலைக்குப் பிந்தைய முதல் பெரும் மருத்துவக் காப்பீட்டு ஏற்பாடு 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமாகும். 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இத்திட்டத்தில் காப்பீட்டாளரே மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் அமைத்தார். பணம் தருபவரும் மருத்துவம் தருபவரும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்களாக இருந்தமையால், மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டே ஒப்புதலாகவும் அமைந்தது. நோயாளி தனியே எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விருவரும் பிரிந்த நிலையிலேயே முன் ஒப்புதல் என்னும் சிக்கல் பிறக்கிறது. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாக்கப்பட்டு நான்கு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றுள் ஒன்று. இந்நிறுவனங்கள் 1986இல் ‘மெடிக்ளைம்’ பாலிசியை அறிமுகப்படுத்தின. நோயாளி முதலில் மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டும். பின்னர் ரசீதுகளைச் சேர்த்து நிறுவனத்திடம் அளித்துத் தொகையைத் திரும்பப் பெறலாம்.

இம்முறையில் மருத்துவமனைக்குக் காப்பீட்டோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. கோருதல், காத்திருத்தல், மறுப்பை ஏற்றல் ஆகிய மூன்றும் நோயாளியுடையவை. ஆயினும் காத்திருத்தல் சிகிச்சைக்குப் பின்னரே நிகழ்ந்தது. மறுப்பு வந்தால் நோயாளி இழந்தது பணத்தை. சிகிச்சை அதற்குமுன்பே முடிந்திருந்தது. கையில் பணமில்லாதவருக்கு இம்முறையால் பயனில்லை என்பதே இதன் அடிப்படைக் குறை.

மூன்றாம் தரப்பு நிர்வாகிகளின் வருகை

1999ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையச் சட்டம் தனியாருக்கு இத்துறையைத் திறந்துவிட்டது. 2001இல் அவ்வாணையம் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் மருத்துவமனைகளுடன் உடன்படிக்கை செய்து, ஆவணங்களைச் சரிபார்த்து, சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கும் இடைநிலை அமைப்புகள் இவ்வாறு உருவாயின. மக்கள் வழக்கில் ‘கேஷ்லெஸ்’ எனப்படும் ரொக்கமில்லாச் சிகிச்சை பரவலானது இதற்குப் பின்னரே. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் இந்திய நிறுவனமான ஸ்டார் ஹெல்த் 2006இல் சென்னையில் தொடங்கப்பட்டதும் இச்சூழலில்தான்.

இம்மாற்றத்தால் நோயாளி பணம் புரட்டும் சுமையிலிருந்து விடுபட்டார். கோரும் பொறுப்பு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குச் சென்றது. ஆனால் காத்திருத்தல் சிகிச்சைக்குப் பின்னிருந்து சிகிச்சைக்கு முன்னதாக இடம்பெயர்ந்தது. முன்பு ரசீதுக்கான தொகை தாமதமானது. இப்போது அறுவைசிகிச்சையே தாமதமாகக்கூடிய நிலை. வசதியாக வந்த முறை, காலம் என்னும் வேறொரு செலவை உடன் கொண்டுவந்தது.

இவ்வசதி எவ்வளவு நிலையற்றது என்பதை 2010 ஜூலையில் நடந்தது காட்டியது. பெரிய மருத்துவமனைகளின் கட்டணம் மிகுதி எனக் காரணம் காட்டிப் பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் தில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு நகரங்களில் பல மருத்துவமனைகளுக்கு ரொக்கமில்லா வசதியை நிறுத்தின. கட்டணத் தகராறு மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. அதன் விளைவாக மீண்டும் கைப்பணம் கட்ட வேண்டியவராக நின்றவர், தகராறில் பங்கில்லாத நோயாளி.

ஒரு படிவத்தின் வாசிப்பு

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டிருந்த படிவங்களை ஒழுங்குமுறை ஆணையம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட தரப்படுத்தல் நெறிமுறைகள் ஒருமைப்படுத்தின. இன்றும் மருத்துவமனைகளில் நிரப்பப்படும் ரொக்கமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைப் படிவம் அவற்றின் வழிவந்தது. அதில் நோயாளி நிரப்பும் பகுதி, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நிரப்பும் பகுதி ஆகியவற்றைத் தொடர்ந்து இரண்டு உறுதிமொழிகள் உள்ளன.

முதலாவது நோயாளியுடையது. நிறுவனம் பணம் செலுத்தக் கடமைப்படாத நிலையில் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாமே செலுத்துவதாக அவர் உறுதியளிக்கிறார். மருத்துவமனையின் சேவைத் தரத்துக்கு நிறுவனமோ நிர்வாகியோ உத்தரவாதம் அளிக்கவில்லை என்பதையும் அவர் ஏற்றுக் கையொப்பமிடுகிறார்.

இரண்டாவது மருத்துவமனையுடையது. கேட்கப்படும் ஐயங்களுக்கு விளக்கமளிப்பதாகவும், விளக்கமளிப்பதில் ஏற்படும் தாமதத்துக்குத் தாமே முழுப்பொறுப்பு எனவும் மருத்துவமனை ஒப்புக்கொள்கிறது. படிவத்திலுள்ள செய்திகளுக்கும் சிகிச்சை முடிவுச் சுருக்கத்துக்கும் முரண்பாடு இருப்பின் நிறுவனம் பணம் தரக் கடமைப்படாது என்பதையும் அது ஏற்கிறது.

மறுப்பின் சுமை நோயாளிக்கும், விளக்கத் தாமதத்தின் சுமை மருத்துவமனைக்கும் இவ்வாறு எழுத்தில் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. ஒப்புதலை வழங்கவும் மறுக்கவும் அதிகாரமுடைய நிறுவனத்துக்கு இப்படிவத்தில் உறுதிமொழி ஏதுமில்லை. முடிவெடுப்பவர் கையொப்பமிடாத, கையொப்பமிடுபவர்கள் முடிவெடுக்க இயலாத ஆவணமாக இது அமைந்துள்ளது.

இதில் கூர்ந்து நோக்கவேண்டிய மற்றொன்று, நோயாளி இக்கையொப்பத்தை இடும் நேரம். பாலிசி வாங்கும்போது நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கக் காலம் உண்டு. படிவத்தில் கையொப்பமிடுவதோ சேர்க்கைப் பிரிவில், வலியோடு இருப்பவரோ அவருடைய மகனோ மகளோ. நோயாளியோ அவர் சார்பாளரோ தம் முன்னிலையில் கையொப்பமிட்டார் என மருத்துவமனை சான்றளிக்கிறது. அவர் அதனைப் புரிந்துகொண்டார் எனச் சான்றளிப்பார் எவருமில்லை.

முன் ஒப்புதல் பணம் தரப்படும் என்னும் முழு உறுதியன்று என்பதும் இங்குக் கருதத்தக்கது. தொடக்கத்தில் ஒரு தொகைக்கு ஒப்புதல் வரும். சிகிச்சை முடிந்தபின் இறுதி ஒப்புதல் வரவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் நோய்க்கண்டறிதல் மாறினாலோ பழைய நோய் என்னும் ஐயம் எழுந்தாலோ, தொடக்க ஒப்புதல் திரும்பப் பெறப்படலாம். நோயாளியின் உறுதிமொழி நடைமுறைக்கு வருவது அப்போதுதான்.

அரசுத் திட்டங்கள்: வாசலுக்கு வெளியே நகர்ந்த பொறுப்பு

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களை முன் ஒப்புதல் முறைக்குள் கொண்டுவந்தது 2009 ஜூலை 23 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம். 26 நலவாரியங்களின் உறுப்பினர் குடும்பங்களும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களும் இதில் இடம்பெற்றன. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழி நடைமுறைக்கு வந்தது. அப்போது 1,016 சிகிச்சை முறைகள் அதில் அடங்கின. 2018 செப்டம்பரில் இது மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டுக் காப்புத்தொகை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயாயிற்று. 2022 ஜனவரி முதல் வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பொறுப்புப் பகிர்வு நோக்கில் இத்திட்டங்கள் தனியார் பாலிசியிலிருந்து அடிப்படையில் வேறுபடுகின்றன. ஒப்புதல் கோருவது முழுக்க மருத்துவமனையின் கடமை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்றபின் நோயாளியிடம் பணம் வாங்குதல் கூடாது. பாலிசிதாரர் இடும் ‘நானே செலுத்துவேன்’ என்னும் உறுதிமொழிக்கு இங்கு இடமில்லை. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இணைந்து, தாம் அளிக்கும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெறுகின்றன.

ஆனால் பொறுப்பு மறையவில்லை; மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே நகர்ந்தது. அட்டை இருந்தால்தான் மருத்துவமனை ஒப்புதல் கோர முடியும். அட்டை பெறுவதற்குக் குடும்ப அட்டையுடன் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். அவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்லவேண்டும். 2019 நவம்பருக்கு முன், செங்கோட்டையிலோ புளியரையிலோ வாழ்ந்த ஒரு குடும்பத்திற்கு அம்மையம் இருந்த இடம் திருநெல்வேலி கொக்கிரகுளம். மாவட்டம் பிரிந்தபின் அது தென்காசிக்கு வந்தது. மாவட்டப் பிரிப்பு பொதுவாக நிருவாக வரலாற்றின் செய்தியாகவே எழுதப்படுகிறது. நோயாளியின் நோக்கில் அது முன் ஒப்புதலுக்கான தொலைவைக் குறைத்த நிகழ்வுமாகும்.

அட்டையில்லாத குடும்பம் ஒன்றைக் கருதுவோம். நெஞ்சுவலியால் ஒருவர் தென்காசியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பப்படுகிறார். சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் உள்ளது, அட்டை எடுக்கப்படவில்லை. குடும்பத்தில் ஒருவர் நோயாளியுடன் தங்க, மற்றொருவர் ஊர் திரும்பி வருமானச் சான்று பெற்று, ஆட்சியர் அலுவலகம் சென்று, மீண்டும் பாளையங்கோட்டை வரவேண்டும். சட்டப்படி ஒப்புதல் கோரவேண்டியது மருத்துவமனை. ஆனால் அக்கோரிக்கைக்கு முன்னதான ஓட்டம் முழுவதும் குடும்பத்துடையது. வீட்டில் ஓடக்கூடிய ஆள் இல்லாதவர், எழுதப்படிக்கத் தெரியாதவர், வெளிமாநிலத்துக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளை உடைய முதியோர் ஆகியோர் இந்த இடத்திலேயே பின்தங்குகின்றனர்.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை உண்டா, தமிழ்நாட்டவரா, வெளிமாநிலத்தவரா என்னும் கேள்விகள் இதில் எழுவதில்லை. சாரல் பருவத்தில் கேரளத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் குற்றாலத்துக்கு வரும் வண்டிகளை நோக்க, இவ்வட்டாரத்துக்கு இதன் பொருத்தம் தெளிவு. தகுதியைப் பின்னர் பார்க்கலாம், சிகிச்சை முதலில் என்னும் வரிசையை ஓர் அரசுத் திட்டம் ஏற்க இயலும் என்பதை இது மெய்ப்பித்துள்ளது.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லைகள்

பொறுப்பு பற்றிய நீதிமன்றச் சிந்தனையில் மூன்று படிநிலைகளைக் காணலாம். முதலாவது அவசரச் சிகிச்சை பற்றியது. 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிருக்குப் போராடுபவருக்குச் சிகிச்சையளிப்பது கடமை என உச்சநீதிமன்றம் கூறியது. எந்தத் தாளின் வருகைக்காகவும் அவசரச் சிகிச்சை நிற்கக்கூடாது என்பது இதன் பயன்.

இரண்டாவது, மருத்துவமனை யாருக்குக் கடமைப்பட்டது என்பது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் கருதியது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினாலும் அது இலவசச் சேவையாகாது, நோயாளி நுகர்வோரே என அத்தீர்ப்பு தெளிவாக்கியது. பணம் தந்தவர் வேறொருவர் என்பதால் மருத்துவமனையின் கடமை நோயாளியிடமிருந்து விலகுவதில்லை.

மூன்றாவது, ஒப்புதலின்றிப் பெற்ற சிகிச்சை பற்றியது. 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில், மத்திய அரசின் ஓய்வூதியர் ஒருவர் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார் என்பதற்காக மட்டும் செலவை மறுக்க இயலாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா என்பதே உரைகல் எனப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கான காப்பீட்டுத் திட்ட வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றமும், தென்காசி மாவட்டம் அடங்கிய அதன் மதுரைக் கிளையும் இதே திசையில் பல ஆணைகளைப் பிறப்பித்துள்ளன. ஆயினும் ரிட் மனு தாக்கல் செய்ய இயன்ற அரசு ஊழியருக்குக் கிட்டிய இந்நிவாரணம், பீடி சுற்றும் பெண்ணுக்கு எளிதில் எட்டுவதன்று.

ஒப்புதல் அளிப்பவரின் பொறுப்பைப் பற்றி நேரடியாகப் பேசிய தொடக்ககாலத் தீர்ப்பொன்று அமெரிக்காவில் உள்ளது. மெடிக்ளைம் பிறந்த அதே 1986இல், கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்லைன் வழக்கில் தீர்ப்பளித்தது. அறுவைசிகிச்சைக்குப்பின் எட்டு நாள் கூடுதலாகத் தங்க மருத்துவர் அனுமதி கேட்டார். அரசு மருத்துவ உதவித் திட்டம் நான்கு நாளே அளித்தது. வீடு திரும்பிய நோயாளி பின்னர் ஒரு காலை இழந்தார். எதிர்ப்புத் தெரிவிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது என நீதிமன்றம் கருதியது. அதேவேளை, மருத்துவரின் மேல்முறையீடுகளைக் காரணமின்றிப் புறக்கணிக்கும் செலவுக் கட்டுப்பாட்டு முறை பொறுப்பிலிருந்து தப்பாது எனவும் குறிப்பிட்டது. ஒப்புதல் மறுக்கப்பட்டால் மீண்டும் வாதாட வேண்டியவர் நோயாளியல்லர், மருத்துவரே என்னும் கருத்தை இதிலிருந்து பெறலாம். நம் படிவத்தில் மருத்துவமனை ஏற்பது விளக்கமளிக்கும் கடமை மட்டுமே. நோயாளிக்காக வாதாடும் கடமை அதில் இல்லை.

2024: காலத்துக்கு ஒரு விலை

2016ஆம் ஆண்டின் விதிமுறைகள், கோரிக்கையை நிராகரிக்கும் அதிகாரம் மூன்றாம் தரப்பு நிர்வாகிக்கு இல்லை என வரையறுத்தன. மறுப்பு நிறுவனத்தின் பெயராலேயே வரவேண்டும் என்றாயிற்று. அடுத்த முதன்மையான மாற்றம் 2024 மே 29 அன்று ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை. ரொக்கமில்லாச் சிகிச்சைக் கோரிக்கை மீது ஒரு மணிநேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனை கேட்ட மூன்று மணிநேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரவேண்டும். அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால் அதனைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்கவேண்டும் என அது ஆணையிட்டது. காத்திருத்தலின் சுமை முதன்முறையாக நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

இதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்த ‘எங்கும் ரொக்கமில்லாச் சிகிச்சை’ ஏற்பாடு எதிர்த்திசையில் சென்றது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமில்லாச் சிகிச்சை பெறலாம். ஆனால் திட்டமிட்ட சிகிச்சையாயின் 48 மணிநேரம் முன்னதாகவும், அவசரமாயின் சேர்ந்த 48 மணிநேரத்துக்குள்ளும் பாலிசிதாரர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பெரிய மருத்துவமனைகள் குறைந்த தென்காசி போன்ற ஊர்களுக்கு இது பயனுள்ள விரிவாக்கமே. எனினும், 2001க்குப்பின் மருத்துவமனைக்குச் சென்ற கோரும் பொறுப்பின் ஒரு பகுதி, இதனால் நோயாளியிடம் திரும்பி வந்துள்ளது.

முடிவுரை

முன் ஒப்புதலின் வரலாறு நேர்கோட்டில் நோயாளியின் சுமையைக் குறைத்த வரலாறன்று. ஒவ்வொரு சீர்திருத்தமும் ஒரு பொறுப்பை நீக்கியபோது, மற்றொன்றை வேறிடத்தில் வைத்தது. ரொக்கமில்லா முறை பணச்சுமையை நீக்கிக் காத்திருத்தலைச் சிகிச்சைக்கு முன் கொணர்ந்தது. அரசுத் திட்டம் மறுப்பின் சுமையை நீக்கி அட்டைக்கான ஓட்டத்தைத் தந்தது. 2024 சுற்றறிக்கை காலத்துக்கு விலை வைத்தது; ஆனால் அது பாலிசிதாரருக்கு உரியது. மறுக்கப்பட்ட செலவை நோயாளி ஏற்கும் உறுதிமொழி 2013 முதல் படிவத்தில் நிலைத்துள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நடைமுறைப் பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, ரொக்கமில்லாச் சிகிச்சைப் படிவத்தில் நிறுவனத்தின் உறுதிமொழியும் இடம்பெற வேண்டும். மறுப்பின் காரணம் நோயாளிக்குத் தமிழில் எழுத்தாகத் தரப்படவேண்டும். இரண்டாவது, மறுப்பு வரும்போது மருத்துவ அடிப்படையில் மறுபரிசீலனை கோருவது சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கடமையாக வரையறுக்கப்படவேண்டும். மூன்றாவது, சாலை விபத்துக்கு ஏற்கப்பட்ட ‘சிகிச்சை முதலில், தகுதி பின்னர்’ என்னும் வரிசை, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற காலம் கருதும் நோய்களுக்கும் விரிக்கப்படவேண்டும். அட்டையில்லாமல் வருபவருக்கு அட்டை பெற்றுத்தரும் பணியை மருத்துவமனைக்கும் வருவாய்த்துறைக்கும் இடையில் இணையவழியே முடிக்க இயலும். அதற்காகக் குடும்பத்தில் ஒருவர் பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே அலையத் தேவையில்லை.

மருத்துவ வரலாறு இதுவரை நோய்களையும் மருத்துவமனைகளையும் மருந்துகளையும் பெரிதும் பேசியுள்ளது. சேர்க்கைப் பிரிவின் மேசையில் நிரப்பப்படும் தாள்களையும் அவ்வரலாற்றின் மூலங்களாகக் கொண்டு, மாவட்டந்தோறும் ஆய்வுகள் நிகழ்த்தப்படவேண்டும். எந்த ஊரில், எந்தப் பொறுப்பு, யாரிடம் வந்து நின்றது என்பதை அத்தாள்களே காட்டும்.